கூட்டத்துக்கு வர முடியாதவர்கள்

நகரமைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நாள்தான் மிக நீளமான நாள். தனி வீடுகளுக்கென்று வகைப்படுத்திய தெருவில் அடுக்குமாடி வரலாமா, பழைய கிடங்கு இருந்த மனையைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றலாமா என்று ஏதாவது ஒரு கேள்வி நகர மன்றத்தின் முன் இருக்கும். அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போகும். அவர்கள் வந்து பேசுவார்கள். நாங்கள் குறிப்பெடுத்து, மன்ற உறுப்பினர்களுக்கு அறிக்கை தயாரிப்போம். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் அவர்கள் கை தூக்குவார்கள். அந்தத் தெருவில் இனி யார் குடியிருக்க முடியும், அவர்கள் வீட்டுக்குள் வெயில் வருமா, பிள்ளைகள் எங்கே விளையாடும் என்பதெல்லாம் அதிலேயே முடிவாகிவிடும்.

அந்த அறிக்கைகளை எழுதி எழுதி எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் பேசியவர்கள் சொன்னதை எழுதுவது சுலபம். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுவதுதான் இந்த வேலையின் கடினமான பாதி, முக்கியமான பாதியும் அதுதான்.

அறிவிப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். மனையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவர் பெயர் சொத்துப் பதிவேட்டில் இருக்காது. கட்டப்போகும் வீட்டில் குடியேறப் போகிறவர் இன்னும் வேறு எங்கோ, ஒருவேளை நகரத்துக்கு வெளியே, நெருக்கடியான ஓர் அறையில் இருப்பார். தன்னைப் பற்றி ஒரு கூட்டம் நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஆக, வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள், வயதானவர்கள், வேலை நாளில் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள். இது என் ஒருவனுடைய கணிப்பு அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏறக்குறைய நூறு ஊர்களின் கூட்டக் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். பேசியவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் முதியவர்களும் ஆண்களும் மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிடக் கூடுதலாக இருந்தார்கள். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் சுமார் 15 சதவீதம்தான்.

ஒரு கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு இருப்பவர். அவர் பேச வந்த விஷயம் நிகழ்ச்சி நிரலில் கீழே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சாலை ஒப்பந்தம் பற்றிய விவாதம் இழுத்துக்கொண்டே போனது. குழந்தை அழ ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார். குறிப்பேட்டில் அவர் வந்ததற்கும் போனதற்கும் எந்தப் பதிவும் இல்லை, ஏனென்றால் பேசியவர்களை மட்டுமே பதிவு செய்வது நடைமுறை. அந்த விஷயம் வந்தபோது பேசியவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். "பொதுமக்கள் ஒருமனதாக எதிர்ப்பு" என்று எழுத இடம் இருந்தது. நான் அப்படி எழுதவில்லை. "கூட்டத்தில் பேசியவர்கள் எதிர்த்தார்கள்" என்று எழுதி, அந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன என்ற கணக்கையும் பக்கத்திலேயே வைத்தேன்.

எந்த இடத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் மண்டல விதிகள் பிறந்த கதை தெரிந்தால் இந்த வேலையின் இரண்டு முகங்களும் விளங்கும். நியூயார்க்கில் 1915-இல் எக்விட்டபிள் கட்டடம் மனையின் விளிம்பு வரை நிரப்பி, 38 மாடி நேராக எழும்பியது. பக்கத்துக் கட்டடங்கள் அதன் நிழலில் மூழ்கின. அடுத்த ஆண்டே, 1916-இல், நகரம் முழுவதற்கும் பொருந்தும் மண்டல விதிகள் வந்தன. உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும், தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் இறங்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய விதி. மனிதர்களின் உடல்நலத்தை நினைத்து எழுதிய விதி அது. அதைப் படிக்கும்போது இந்தத் தொழில் மீது எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

இன்னொரு முகமும் உண்டு. இன்ன இனத்தார் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்ற நகரச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் செல்லாது என்றது. அதன் பிறகு பல நகரங்கள் வேறு வழி பிடித்தன. தனி வீடு மட்டும்தான் கட்டலாம், மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி போட்டால் யாரையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டியதில்லை. பணம் இல்லாதவர் தானாகவே வெளியே நிற்பார். 1926-இல், யூக்ளிட் என்ற ஊரின் விதிகளை எதிர்த்த வழக்கில், அதே நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் தனி வீட்டுப் பகுதியில் வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை 'வெறும் ஒட்டுண்ணி' என்று எழுதினார்கள். சுமார் நூறு வருஷம் ஆகிறது. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் யாராவது மைக்கைப் பிடித்து "அடுக்குமாடி வந்தால் எங்கள் பகுதியின் தரம் போய்விடும்" என்று பேசும்போது அந்தப் பழைய வாக்கியம்தான் எனக்குக் கேட்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்களும் குடும்பம் நடத்துகிறவர்கள்தானே!

அதற்காக எதிர்ப்புச் சொல்ல வருகிறவர்களை எல்லாம் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அப்படிச் செய்யும் சக ஊழியர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் வரவிருந்த ஒரு கட்டடத்துக்கு எதிராக ஒரு வயதான அம்மா மூன்று முறை ஆட்சேபணைக் கடிதம் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் போக்குவரத்து நெரிசல், குப்பை, சத்தம் என்று எல்லோரும் எழுதும் காரணங்களே இருந்தன. நேரில் போய்ப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "தம்பி, அவர் படுக்கையிலேயே இருக்கிறார். காலையில் அந்த ஜன்னல் வழியாக வரும் வெயில்தான் அவருக்கு ஒரே பொழுது" என்றார். கடிதத்தில் இதை எழுத அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அது சொந்த விஷயம், மன்றத்துக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறார்.

நிழல் விழும் வரைபடம் போட்டுப் பார்த்தோம். கட்டடம் முழுவதையும் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. மேல் இரண்டு தளங்களை அந்தப் பக்கமாகச் சில மீட்டர் உள்ளே தள்ளினால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த ஜன்னலுக்குக் காலை வெயில் கிடைக்கும். கட்டுகிறவரும் ஒத்துக்கொண்டார். குறைந்த பரப்பை வேறு மூலையில் சேர்த்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தெரிவது உடம்பை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சமூக நலம் என்று மன்றத் தீர்மானங்களில் பெரிய எழுத்தில் வரும் விஷயம் உண்மையில் இப்படி ஒரு ஜன்னல் அளவில்தான் பல இடங்களில் நடக்கிறது.

மன்றக் கூட்டங்களில் மாடிகளின் எண்ணிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான்கா, ஐந்தா, ஆறா என்று. வாகன நிறுத்த விதியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. வீடு கட்டும் செலவை அதிகம் ஏற்றுவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு கார் நிறுத்த, வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், சுமார் 25 முதல் 30 சதுர மீட்டர் போகும். ஒரு சின்ன ஒற்றை அறை வீட்டின் அளவு அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றோ இரண்டோ கட்டாயம் என்று விதி இருந்தால், கார் இல்லாதவரும் தன் வாடகையில் அந்தக் காலி இடத்துக்குப் பணம் கொடுக்கிறார். அடித்தளம் தோண்டினால் செலவு இன்னும் ஏறும். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2018 டிசம்பரில் அந்த நகர மன்றம் 12-க்கு 1 என்ற வாக்கில், தனி வீட்டு மனைகளிலும் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்ற திட்டத்தை ஏற்றது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. ஆனால் அந்த மூன்று வீட்டுக் கட்டடங்கள் அதிகம் எழவில்லை. வீடுகள் பெருகியது பெரும்பாலும் பேருந்துத் தடங்களையும் வணிகத் தெருக்களையும் ஒட்டிய பெரிய குடியிருப்புகளில். அங்கே கூடுதல் உயரம் அனுமதித்ததும், வாகன நிறுத்தக் கட்டாயத்தை 2015-இல் பொதுப் போக்குவரத்துத் தடங்களை ஒட்டித் தளர்த்தி 2021-இல் நகரம் முழுவதும் நீக்கியதும் அதற்கு உதவின. 2017-லிருந்து 2022 வரை அந்த நகரத்தில் வீடுகள் 12 சதவீதம் கூடின, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது. அதே காலத்தில் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் வாடகை 14 சதவீதம் ஏறியது. சண்டை நடந்தது ஒரு விதிக்காக, பலன் அதிகம் வந்தது வேறு விதிகளால். எங்கள் கூட்டங்களிலும் இதே மாதிரிதான் நடக்கிறது என்பதால் இந்த உதாரணத்தைப் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றதும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, வீடுகள் எண்ணிக்கையில் கூடினால் மட்டும் போதுமா? போதாது. வியன்னா நகராட்சி முதல் உலகப் போருக்குப் பிறகு, 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அவற்றில் 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருக்கிறது. ஆனாலும் மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம் நிற்கிறது. மீதி முற்றம், மரம், பாதை. சலவைக்கூடமும் குழந்தைகள் பள்ளியும் நூலகமும் மருத்துவ வசதியும் வீடுகளோடு சேர்த்தே திட்டமிட்டார்கள். ஜப்பானில் மிகக் கட்டுப்பாடான தாழ்ந்த குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்து 50 சதுர மீட்டர் வரை சின்னக் கடை வைக்கலாம். அந்த ஒரு வரி விதியால் ஒரு முதியவர் நடந்து போய்த் தேவையானதை வாங்கி, வழியில் நாலு பேரோடு பேசிவிட்டு வர முடிகிறது. தனிமையைப் போக்க இதைவிடச் செலவு குறைந்த திட்டம் எனக்குத் தெரியாது. எங்கள் விதிகளில் வீட்டையும் கடையையும் தண்ணீரும் எண்ணெயும் போலப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லித் தொடர்ந்து குறிப்பு அனுப்பி வருகிறேன்.

இன்னொரு விஷயம் நிபந்தனைகள். அனுமதி உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. திறந்தவெளியைப் பொதுமக்கள் பயன்படுத்த விட வேண்டும் என்று இருக்கும். கட்டடம் முடிந்த பிறகு அந்த வாசலில் பூட்டுத் தொங்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்று இருக்கும். எத்தனை வருஷத்துக்கு, யார் கணக்குப் பார்ப்பது என்று எழுதியிருக்காது. மன்றத்தில் கை தூக்கி வாங்கிய நன்மை இப்படித்தான் கைநழுவிப் போகிறது. ஆய்வாளர்கள் குறைவு, புதிய மனுக்கள் குவிகின்றன, பழைய கட்டடத்தைப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் பொறுப்பாளர், கெடு, மீறினால் என்ன நடவடிக்கை என்று மூன்றையும் சேர்த்து எழுதாத உத்தரவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் கோப்புகள் தாமதமாகின்றன என்று குறை சொல்கிறார்கள். தாமதமாகட்டும்.

அறிவிப்பு முறையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிரிவில் பலரும் சேர்ந்து கேட்டு, மன்றம் ஒத்துக்கொண்டது. சொத்துப் பதிவேட்டில் உள்ள பெயருக்கு மட்டுமில்லாமல், ஒவ்வொரு கதவுக்கும் அறிவிப்பு போகிறது. எழுதித் தரலாம், தொலைபேசியில் சொல்லலாம், அதுவும் நேரில் பேசியதற்குச் சமமாகப் பதிவாகும். பழைய கிடங்கு மனை ஒன்றுக்கு இந்த முறையில் வந்த கருத்துகளைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் மாடிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துணி காயப்போட இடம் இருக்குமா, இரவுப் பணி முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் வழியில் விளக்கு இருக்குமா, லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் சரி செய்வார்கள், முற்றத்தில் வெளிப் பிள்ளைகளும் விளையாடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த மனு அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் முன் வருகிறது. அவர்கள் கேட்ட நான்கையும் நிபந்தனைகளாக்கி, பொறுப்பாளரும் கெடுவும் போட்டு அறிக்கையில் சேர்த்திருக்கிறோம். வாகன நிறுத்த இடங்களைப் பாதியாகக் குறைத்து அந்தப் பரப்பில் கூடுதலாகச் சில வீடுகள் கட்டலாம் என்றும் பரிந்துரைத்திருக்கிறோம். சொந்த வீட்டுக்காரர்கள் அதை எதிர்த்துப் பேச வருவார்கள். அவர்கள் சொல்வதையும் முழுதாகக் குறிப்பெடுப்பேன். உறுப்பினர்கள் எந்த நிபந்தனையையாவது நீக்கச் சொன்னால், நீக்கச் சொன்னவர் பெயரும் காரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று மன்றச் செயலாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.