போர்ட்ஃபோலியோவில் கைவிட்ட யோசனைக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

இன்டராக்‌ஷன் டிசைன் (ஆப், மெஷின் போன்றவற்றை மக்கள் பயன்படுத்தும் விதத்தை வடிவமைப்பது) முடித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவர்களின் போர்ட்ஃபோலியோக்கள் (செய்த வேலைகளின் தொகுப்புகள்) என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சிரித்த முகத்தோடு ஒரு பெர்சோனா (கற்பனைப் பயனர்), ஸ்டிக்கி நோட் ஒட்டிய சுவரின் படம், சில வயர்ஃப்ரேம்கள் (திரையின் கோட்டு வரைவுகள்), கடைசியில் சாய்த்து வைத்த ஃபோனில் பளபளப்பான திரை. எடுத்துக்கொண்ட பொருளும் ஏதாவது பிரபலமான பாட்டு ஆப் அல்லது சாப்பாட்டு ஆப்பின் மறுவடிவமைப்புதான். அந்த பட்டன் ஏன் அங்கே போனது, வேறென்ன யோசித்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. பேட்டி எடுப்பவர் தேடுவதோ அதைத்தான்.

நகரப் பேருந்து நடத்துநர்களின் டிக்கெட் மெஷினைப் பற்றி ஒரு மாணவி செய்திருந்த ப்ராஜெக்ட் நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய முதல் யோசனை பெரிய தொடுதிரை. அதை ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் அழகாக வரைந்தும் விட்டார். அப்புறம் காலை நெரிசலில் பேருந்தில் ஏறிப் பார்த்திருக்கிறார். நடத்துநரின் ஒரு கையில் மெஷின், இன்னொரு கையின் விரலிடுக்கில் மடித்த நோட்டுகள், வாயில் விசில். கண் மெஷினில் இல்லை. படியில் தொங்குகிறவர்கள் மேல் இருக்கிறது. கட்டைவிரல், 5ஆம் எண் பட்டன் மேல் இருக்கும் சின்னப் புடைப்பைத் தடவி, அதிலிருந்து மற்ற எண்களுக்குப் போகிறது. வழுவழுப்பான கண்ணாடியில் அந்த விரல் எதைத் தடவும்?

தொடுதிரையை விட்டுவிட்டார். பட்டன்களை அப்படியே வைத்து, ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) பட்டியலின் வரிசையை மட்டும் மாற்றினார்: பேருந்து எந்த ஸ்டேஜில் இருக்கிறதோ அதற்கு அடுத்தவை மேலே வரும். கடைசித் திரையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் கைவிட்ட தொடுதிரைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, அந்த விரலின் படத்தையும் போட்டிருந்தார். பேட்டியில் பாதி நேரம் அந்தப் பக்கத்திலேயே போனது.

ஆகவே எட்டு ப்ராஜெக்ட் வேண்டாம். இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கு எது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். "நாங்கள் ஆய்வு செய்தோம்" என்று எழுதினால் அடுத்த கேள்வி "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றுதான் வரும். ஒரு வரி எழுதினால் திரையை வரைந்து தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்ட பிறகு, அழகான திரைக்குத் தனி மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. பேருந்தில் ஏறிப் பார்க்கிற வேலை இன்னும் ஆள்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் வருகிற திரையை மட்டும் காட்டுவது இன்னொரு பொதுவான குறை. தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தெரியும்: ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி; பணம் கணக்கிலிருந்து போய்விடும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், டிக்கெட் கிடைத்ததா என்று தெரியாது. அந்த அரை நிமிடத்துக்கு நீங்கள் என்ன திரை வைப்பீர்கள்? பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1994இல் திரை வடிவமைப்புக்குத் தந்த பத்து விதிகளில் முதலாவதே, கணினி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பயனர் அறிய வேண்டும் என்பது. பத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் நிறைய. ஒன்றை எடுத்து இப்படி ஒரு நிலைமையில் பொருத்திக் காட்டுங்கள், அது போதும்.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதான அணுகல்தன்மையைப் பலரும் கடைசி ஸ்லைடில் ஒரு வரியாக வைக்கிறார்கள். இந்தியாவில் அது இனி அப்படி இருக்க முடியாது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் வங்கி கேஒய்சியில் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில்) "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்ற கட்டத்தைத் தாண்ட முடியாமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கேஒய்சி முறைகளை மாற்றவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு அனுமானம், எத்தனை பேரை வெளியே நிறுத்தியது பாருங்கள். உங்கள் ப்ரோட்டோடைப்பில் (மாதிரி வடிவத்தில்) எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1 வருகிறதா என்று அளந்து பாருங்கள். ஃபோனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு ஆப்பில் பணம் அனுப்ப முயன்று பாருங்கள். ஒரு மாலை போதும், பேட்டியில் பேச நிறையக் கிடைக்கும். அப்படியே உங்கள் திரையைத் தமிழிலும் போட்டுப் பாருங்கள். பட்டனுக்குள் வரி மடங்குவதும், 'கி', 'தி' போன்ற எழுத்துகளின் மேல்வளைவு வெட்டுப்படுவதும் தெரியவரும்.

வீட்டில் செய்து கொண்டுவரச் சொல்லும் டிசைன் டாஸ்க் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் சரி. தங்கள் ஆப்பின் ஓடிக்கொண்டிருக்கும் திரைகளையே ஒரு வாரத்தில் மாற்றி, ஃபிக்மா ஃபைலோடு அனுப்பச் சொன்னால், அது தேர்வு இல்லை, ஓசி வேலை. "எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? இதற்குச் சம்பளம் உண்டா?" என்று ஹெச்ஆரிடம் மரியாதையாகக் கேட்கலாம். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடத்தில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது?

முதல் வேலையில் கம்பெனி பெயரைவிடப் பக்கத்து இருக்கையில் யார் என்பதைப் பார்ப்பேன். உங்கள் வேலையைத் திருத்திச் சொல்ல ஒரு சீனியராவது இருக்கிறாரா, டெவலப்பர்களோடு நேரடியாகப் பேச விடுவார்களா, வரைந்தது வெளியே போகிறதா. புதிதாகத் தொடங்கிய ஸ்டார்ட்டப்பில் "முதல் டிசைனர் நீங்கள்தான்" என்பார்கள். கேட்கக் கிளுகிளுப்பாக இருக்கும், ஆனால் கற்றுத்தர ஆளிருக்காது. வலைப்பக்கம் கட்டப் பயன்படும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே கோட் எழுதுவதற்காக இல்லை. "இது முடியாது" என்று டெவலப்பர் சொல்லும்போது உண்மையிலேயே முடியாததா, இன்றைக்கு முடியாததா என்று பிரித்துப் பார்க்க.

பி.டெஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) முடித்தவர்கள் உடனே எம்.டெஸ் (முதுநிலை) போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால், வகுப்பில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். பி.இ. படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குத்தான் எம்.டெஸ் நேர்வழி. 1969இல் தொடங்கிய மும்பை ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசியில் இன்டராக்‌ஷன் டிசைன் தனிப் பிரிவாகவே இருக்கிறது. அதற்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை மும்பை ஐஐடிதான் நடத்துகிறது. வயது வரம்பு இல்லை, மதிப்பெண் ஓராண்டு செல்லும். ஏ பகுதி கணினியில், பி பகுதியில் கையால் வரைய வேண்டும். என்ஐடிக்குத் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தனித் தேர்வு. சீட் விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் திறந்து, தேர்வு ஜனவரியில் வரும். வரைந்து பழக்கமில்லாதவர்கள் ஜூன், ஜூலையிலேயே பென்சிலை எடுத்துவிடுங்கள்.