ட்ரெபலூஜருக்கு நடந்தே போனோம்

ஸ்பெயினின் மெனோர்க்கா தீவுக்குப் போகிற எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு வருவது மக்கரெல்லா கடற்கரையில்தான். எங்கள் திட்டமும் அதுவே. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா கெடுத்தார். கலா கல்தானாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே திரும்பாமல் கிழக்கே நடங்கள், ட்ரெபலூஜர் என்ற கடற்கரை வரும், கார் போகாது, கடையும் கிடையாது என்றார். கடை கிடையாது என்றதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அக்டோபர் நடுவில் போனோம். கல்தானாவில் பாதி ஓட்டல்களுக்குப் பூட்டு. அங்கிருந்து பிடித்தது கமி தெ கவால்ஸ், அதாவது குதிரைப் பாதை. தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர். ஒரு காலத்தில் கரையைக் காவல் காத்தவர்கள் குதிரையில் சுற்றிய வழி. நெடுங்காலம் நிலச் சொந்தக்காரர்கள் மறித்துக் கிடந்தது, 2010-இல்தான் முழுதாகத் திறந்தது. இப்போது காட்டு ஆலிவ் மரத்தில் செய்த வளைந்த படல்கள்தான் குறுக்கே நிற்கின்றன. திறந்து நுழைந்து, மறக்காமல் சாத்திவிட்டுப் போக வேண்டும்.

இருபது நிமிடத்தில் கலா மிட்ஜானா. அழகுதான், ஆனால் ஒரு பள்ளிக்கூடமே அங்கே குளித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றப் போனாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கொஞ்ச தூரம் முக்கால் மணி நேரம் ஆனது. பைன் நிழல், ஏற்றம், கல் சுவர், மறுபடி இறக்கம். இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீர், அது பாதி வழியிலேயே முக்கால்வாசி காலி. இதை மட்டும் யாரும் என்னைப் போலச் செய்ய வேண்டாம்.

தெற்குக் கரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஓடைகள் அதை அறுத்துப் பள்ளமாக்கியிருக்கின்றன. பள்ளம் கடலைத் தொடும் வாயில் பாறைகளுக்கு நடுவே ஒரு மணல் வளைவு. அதைத்தான் ‘கலா’ என்கிறார்கள். ட்ரெபலூஜரில் மணலுக்குப் பின்னால் நாணல் புதர், ஓடை. முழங்கால் நனைய அதைக் கடந்து போய் நிமிர்ந்து பார்த்தால், வெள்ளை மணலின் ஒரு ஓரம் முழுக்கப் பழுப்புக் குப்பை. முட்டி உயரம். அழுகிய முட்டை நாற்றம் வேறு.

"இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள்.

அந்தக் குவியலின் காய்ந்த பகுதியையே மெத்தையாக்கி ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். என் அரைகுறை ஸ்பானிஷில், "எவ்வளவு பாசி!" என்றேன். பாசி இல்லை என்றார். பொசிடோனியா. வேர், பூ, காய் எல்லாம் உள்ள செடி, கடலுக்கு அடியில் புல்வெளி மாதிரி வளர்கிறது. இலையுதிர் காலத்தில் இலை கொட்டும், அலை கரையில் கொண்டுவந்து குவிக்கும். குளிர்காலப் புயல் இந்தக் குவியலைத்தான் அடிக்கும், மணலை அல்ல. இயந்திரம் வைத்து அள்ளினால் மணலும் கூடவே போய்விடும். தண்ணீர் கண்ணாடியாக இருப்பதற்கும் அந்தப் புல்வெளிதான் காரணம், கலங்கல் அதில் படிந்துவிடுகிறது. மணலில் கிடந்த ஒரு உருண்டையை எடுத்துக் கொடுத்தார். செடியின் நாரை அலை உருட்டி உருட்டிச் செய்தது. பிடித்துப் பார்த்தால் அச்சு அசல் தேங்காய் நார்.

அப்புறம் குளித்தோம். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பு விடவில்லை. எங்களையும் பெரியவரையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். நாற்றம் கால் மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிட்டது. மனைவி அவரைப் போலவே குவியலில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

திரும்பி வந்தால் கல்தானாவில் பஸ் இல்லை. நான் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தது கோடைக்கால அட்டவணை. சீசன் முடிந்தால் வேறு அட்டவணை, அது பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்து டாக்ஸி பிடித்தோம். ஏறியதும் ஓட்டுநர் மூக்கைச் சுளித்துக் கண்ணாடியில் பார்த்து, "அல்கா?" என்றார், பாசியா என்று.

"அல்கா இல்லை, பொசிடோனியா" என்றாள் என் மனைவி.