ஈரத்துணி யாரோட பொறுப்பு

2016 நவம்பர்ல கனடாவுல, டொரன்டோவுல இருக்கற ஸ்கார்பரோவுக்கு வந்து இறங்கினப்ப எங்க பெட்டிக்குள்ள ஒரு இஸ்திரிப் பெட்டியும் இருந்துச்சு. மதுரையில அம்மா வாங்கிக் குடுத்தது, போற எடத்துல உடனே வாங்க முடியுமோ முடியாதோ, எடுத்துட்டுப் போங்கன்னு துணிக்கு நடுவுல வச்சு சுத்திக் குடுத்தாங்க. வந்து பத்தாவது நாள் வீட்டுக்காரருக்கு இன்டர்வியூ, மொத நாள் ராத்திரி சட்டைய விரிச்சு அடாப்டர்ல சொருகினா பெட்டி சூடாகவே இல்ல. அரை மணி நேரம் ஆச்சு, கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான். அடிபட்டு கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, ஊர்ல கரன்ட் 230 வோல்ட், இங்க 120. வோல்ட் பாதியாச்சுன்னா சூடும் பாதி வரும்னு நாம நெனப்போம், ஆனா கால்வாசிதான் வரும், ஊர்ல 1000 வாட்ஸ் இழுக்கற பெட்டி இங்க 270 வாட்ஸ் கிட்டதான் இழுக்கும். அன்னிக்கு ராத்திரி அடி தட்டையா இருக்கற எவர்சில்வர் பாத்திரத்துல கொதிக்கற தண்ணி ஊத்தி, துணியால புடிச்சுக்கிட்டு அதாலயே காலரையும் கையையும் தேய்ச்சேன். அவர் பக்கத்துல நின்னு தண்ணி ஆற ஆற மறுபடி சுட வச்சுக் குடுத்தாரு. இந்த ஊர்ல நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மொத துணி வேலை அதுதான்.

ஊர்ல இதெல்லாம் ஒரு வேலைன்னே எனக்குப் பட்டதில்ல, அத இப்ப நெனச்சா ஒரு மாதிரி இருக்கு. தெருமுனையில வேப்பமரத்தடியில அயர்ன் வண்டி நிக்கும், அண்ணன் கரி போட்டு ஊதி பெட்டிய சூடு பண்ணுவாரு, காலையில மூட்டை கட்டிக் குடுத்தா சாயங்காலம் எண்ணி வாங்கிக்கணும், ஒரு உருப்படிக்கு இவ்ளோன்னு காசு. வெயில் காலத்துல அந்தப் பெட்டிகிட்ட நாள் முழுக்க நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. துவைக்கறது அம்மா. மெஷின் வாங்கின பிறகும் காலரையும் பேன்ட் அடிமடிப்பையும் கல்லுல வச்சு பிரஷ் போட்டுட்டுதான் மெஷின்ல போடுவாங்க, வெள்ளைத் துணிக்கு சொட்டு நீலம், காட்டன் சேலைக்கு கஞ்சி, மொட்டை மாடிக் கொடியில ஒதறி காயப்போட்டு, மழை இருட்டினா ஓடிப்போய் எடுக்கறதும் அவங்கதான். எனக்கு பீரோவ தொறந்தா மடிச்ச துணி இருக்கும். இங்க வந்த பிறகுதான் கூடையில இருந்து பீரோ வரைக்கும் எத்தனை படி இருக்குன்னு ஒவ்வொன்னா எண்ணிப் பாத்தேன்.

மொதல்ல பேஸ்மென்ட்ல இருந்தோம். மேல இருந்த வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம் பக்கம், எங்களுக்கு சனிக்கெழமை மத்தியானம் மட்டும் மெஷின். துணி துவைக்கறத அவங்க உடுப்பு தோய்க்கிறதுன்னு சொல்வாங்க, மொத வாரம் அது எனக்குப் புரியவே ரெண்டு நிமிஷம் ஆச்சு, எங்க ஊர்ல தோச்சுப் போடறதுன்னு பாட்டிங்க சொல்லிக் கேட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ட்ரையர்ல இருக்கற வலைய இழுத்துக் காட்டி, "இந்தப் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுக்க வேணும் தங்கச்சி, விட்டா நெருப்புப் பிடிக்கும்"னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய இன்னிக்கு வரைக்கும் மறக்கல, என் புள்ளைங்க ட்ரையர தொடறதுக்கு முன்னாடி கத்துக்கிட்டதும் அதுதான். காட்டன் சுடிதார் டாப்பெல்லாம் அதிக சூட்டுல போட்டு சுருங்கி, ரெண்டு டாப்ப தூக்கிப் போட வேண்டியதா போச்சு, அதுவும் அப்பதான்.

அப்புறம் அபார்ட்மென்ட். கீழ்த்தளத்துல பொது மெஷின் ரூம், காசு போட்டாதான் ஓடும், அதனால கடையில மீதி வாங்கறப்பல்லாம் லூனியையும் குவார்ட்டரையும், அதாவது ஒரு டாலர், 25 சென்ட் நாணயத்த, தனியா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல சேப்போம். அங்க ஒரு எழுதாத சட்டம் இருந்துச்சு, மெஷின் நின்ன பிறகு நீங்க வரலன்னா அடுத்த ஆள் உங்க ஈரத்துணிய எடுத்து மேல வச்சிட்டு தன்னோடத போட்டுப்பாங்க. எங்க உள்ளாடையெல்லாம் தெரியாத ஒருத்தர் கையால எடுத்து வச்சிருந்தத பாத்த அன்னிக்கு கூச்சமா போச்சு எனக்கு. அதுலேந்து அவர் போன்ல அலாரம் வச்சிட்டு சரியான நேரத்துக்கு லிஃப்ட்ல எறங்கிடுவாரு. அந்த நாலு வருஷமும் எங்களுக்குள்ள துணியால ஒரு சண்டை கூட வந்ததில்ல, ஏன்னு அப்பல்லாம் யோசிக்கல.

2021ல டவுன்ஹவுஸ், அதாவது ஒன்னோட ஒன்னு ஒட்டின வரிசை வீடு, வாங்கி சொந்த மெஷின் வந்துச்சு, வரிசை இல்ல, காசு இல்ல, எப்ப வேணா போடலாம். அங்கதான் பிரச்சனையே ஆரம்பிச்சுது. எப்ப வேணா போடலாம்னா எப்ப வேணா எடுக்கலாம்னும் ஆகிடுது. நான் முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன், ஒரு வாரம் காலை 7 மணி ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியானம் 3 மணிக்குப் போனா ராத்திரி 11. அவருக்கு ஆபீஸ், மகனுக்கு கூடைப்பந்து, மகளுக்கு நீச்சல், இதுல பனிக்காலத்துல ஒரு ஆளுக்கே மூணு அடுக்கு துணி. ஃபிரிட்ஜ்ல பேப்பர் ஒட்டி வேலைய பிரிச்சோம், மெஷின்ல போடறது அவர், ட்ரையருக்கு மாத்தறது மகன், மடிக்கறதும் தேய்க்கறதும் நான். பாக்க சரியாதான் இருந்துச்சு, மூணு பேர், மூணு வேலை.

2022 பிப்ரவரி, ஒரு காலையில 5.50, நான் கிளம்பணும், என் யூனிஃபார்ம் ரெண்டும் மெஷினுக்குள்ள முந்தின நாளோட ஈரத்துல பூஞ்சை வாடை அடிச்சிட்டுக் கெடக்கு. நான் சத்தம் போட்டேன். "நான்தான் போட்டுட்டேனே"ன்னு அவர் சொன்னாரு. மகன் தூக்கத்துல எந்திரிச்சு வந்து "முடிஞ்சுச்சுன்னு யாரும் என்கிட்ட சொல்லலையேம்மா"ன்னான். ரெண்டு பேர் சொன்னதும் பொய்யில்ல. அவங்கவங்க வேலைய அவங்கவங்க செஞ்சிருக்காங்க, ஆனா ஒரு கையிலேந்து இன்னொரு கைக்கு மாறற எடம் இருக்கு பாருங்க, அத பாத்துக்கற வேலை பேப்பர்ல யார் பேர்லயும் இல்ல. அது தானா என் தலையில இருந்துச்சு, மெஷின் நின்னுச்சா, மாத்தினானா, நாளைக்கு யாருக்கு என்ன துணி வேணும்னு நெனச்சிட்டே இருக்கறது, வேலையில ஒரு பாட்டியம்மாவுக்கு சாப்பாடு ஊட்டிட்டு இருக்கறப்ப கூட வீட்டு மெஷின் ஞாபகம்தான். அன்னிக்கு ஈரத்தோடவே ஒரு செட்ட ட்ரையர்ல பத்து நிமிஷம் சுத்தி, அரைகுறையா காஞ்சத போட்டுட்டு பனியில கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புல நிக்கறப்ப அழுகை வந்துடுச்சு, குளிர் ஒரு பக்கம், இத்தனை பேர் இருந்தும் இது நான் மட்டும் நெனச்சாதான் நடக்கும்ங்கறது இன்னொரு பக்கம்.

அந்த வார சனிக்கெழமை உக்காந்து பேசினோம். அவர்தான் சொன்னாரு, அபார்ட்மென்ட்ல இருந்தப்ப ஏன் தகராறு வரலன்னா போட்ட ஆளே எடுத்துட்டும் வந்தோம், மேல கொண்டுவந்த ஆளே மடிச்சும் வச்சோம், ஏன்னா மறுபடி கீழ போக யாருக்கும் முடியாதுன்னு. சரின்னு வேலைய பிரிக்கறத விட்டுட்டு துணிய பிரிச்சோம். ஆளுக்கு ஒரு கூடை, ஆளுக்கு ஒரு நாள். கூடையில இருந்து பீரோக்குள்ள போற வரைக்கும் அந்த ஒரே ஆள். செவ்வாய் அவர், தன் துணியோட மகளோடதும். வியாழன் மகன். திங்களும் வெள்ளியும் நான், என் யூனிஃபார்ம் எப்பவும் தனியா சுடுதண்ணியில, மத்ததோட கலக்க மாட்டேன். சனி பெட்ஷீட், துண்டு, எல்லாருக்கும் பொது, சாக்ஸ ஜோடி சேக்கறது மகள், அவ ரொம்ப கறாரு, ஒத்த சாக்ஸ் இருந்தா உரியவங்க தலையணை மேல கொண்டுபோய் வச்சிடுவா.

மொத மாசம் எனக்குதான் கஷ்டமா இருந்துச்சு. மகன் மடிக்கறதே இல்ல, உருட்டி உள்ள தள்ளுவான், அத பாத்துட்டு சும்மா இருக்க கை ஒத்துக்காது. ஒரு வியாழன் அவன் போடவே இல்ல, வெள்ளிக்கெழமை ஸ்கூலுக்கு அழுக்கு ஜீன்ஸே போட்டுட்டுப் போனான், நான் வாயத் தொறக்கல. அடுத்த வாரம் அவனே போட்டான்.

நேரத்த பத்தியும் ஒரு பஞ்சாயத்து இருந்துச்சு. எங்க மாகாணமான ஒன்டாரியோல பெரும்பாலான வீட்டுல வார நாள்ல சாயங்காலம் 7லேந்து காலை 7 வரைக்கும் கரன்ட் ரேட் கம்மி, சனி ஞாயிறு நாள் முழுக்க கம்மி. 2023ல ராத்திரி 11லேந்து காலை 7 வரைக்கும் இன்னும் மலிவா ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, ஆனா அதுல வார நாள் சாயங்காலம் 4லேந்து 9 வரைக்கும் ரேட் நல்லா ஏறும். இவர் அதுக்கு மாத்தி, தூங்கறப்ப ட்ரையர் ஓடட்டும்னாரு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். அது சாதா பிளக் மாதிரி 120 இல்ல, தனி லைன்ல 240 வோல்ட்ல 5000 வாட்ஸ் கிட்ட இழுக்கற சாமான், எல்லாரும் தூங்கறப்ப ஒரு பொறி பட்டா யார் பாக்கறது, அந்த அக்கா சொன்னதுதான் காதுல. கடைசியில வாஷிங் மெஷின் மட்டும் ராத்திரி, ட்ரையர் காலையில எந்திரிச்ச பிறகு 7க்குள்ளன்னு முடிவாச்சு. யூனிஃபார்ம் தவிர மத்ததெல்லாம் பச்சத்தண்ணிதான், சுடுதண்ணியில துவைச்சா ஆகற செலவுல பெரும்பங்கு தண்ணிய சூடு பண்ணவே போகுது. பனிக்காலத்துல பாதித் துணிய ஸ்டாண்டுலயே காயப்போடறோம், ஹீட்டர் காத்துல வீடு வறண்டு உதடெல்லாம் வெடிக்கும் பாருங்க, அதுக்கு இந்த ஈரம் இதமா இருக்கு. அதிகமா போட்டா ஜன்னல் கண்ணாடியில தண்ணி கோத்துக்கும், அளவா போடணும்.

கோடையில பின்பக்கம் கொடி கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்தான், இங்கெல்லாம் வெளிய துணி காயப்போட விட மாட்டாங்கன்னு மெதுவா சொன்னாரு. வீட்டு பத்திரத்துலயும் ஒரு பழைய நிபந்தனை இருந்துச்சு. தேடிப் பாத்தப்பதான் 2008லயே ஒன்டாரியோ அரசாங்கம் இந்த மாதிரி கொடித் தடையெல்லாம் செல்லாதுன்னு விதி போட்டிருக்கறது தெரிஞ்சுச்சு, தனி வீட்டுக்கும் எங்களோடத மாதிரி சொந்த மனையில இருக்கற வரிசை வீட்டுக்கும் அது பொருந்தும். ஜூலை வெயில்ல காஞ்ச துண்ட மொகத்துல வச்சா மொட்டை மாடி வாசம் வருது, அந்த சந்தோஷத்த எந்த ட்ரையர் ஷீட்டும் தராது.

2023 கடைசியில அத்தை, இவரோட அம்மா, சூப்பர் விசாவுல வந்தாங்க, பெத்தவங்க புள்ளைங்ககிட்ட வந்து வருஷக்கணக்குல தங்கறதுக்கான விசா அது. 68 வயசு, அவங்கள வேலை வாங்கக்கூடாதுன்னு பட்டியல்ல சேக்கல. ரெண்டு வாரம் பாத்தாங்க, அப்புறம் ஒரு நாள் ராத்திரி என்கிட்ட, "ஏம்மா, நான் இந்த வீட்டுல விருந்தாளியா? எனக்கு மட்டும் ஏன் கெழமை இல்ல?"ன்னு கேட்டாங்க. கண்ணுல தண்ணி நிக்குது. நான் மரியாதைன்னு நெனச்சது அவங்களுக்கு ஒதுக்கி வச்ச மாதிரி இருந்திருக்கு. புதன்கெழமைய அவங்களுக்குக் குடுத்தோம்.

இஸ்திரி வேலைய ஒழுங்குபடுத்தினதே அவங்கதான். நாங்க எல்லாத்தையும் தேய்ச்சிட்டு இருந்தோம், டீஷர்ட், தலையணை உறை வரைக்கும். எதுக்கு, ட்ரையர் நின்னதும் சூட்டோட ஒதறி ஹேங்கர்ல மாட்டுங்கன்னாங்க, முக்கால்வாசி துணிக்கு அதுவே போதுமா இருக்கு. தேய்க்க வேண்டியத தண்ணி தெளிச்சு சுருட்டி ஒரு மணி நேரம் வச்சிருந்து எடுப்பாங்க, சுருக்கம் ஒரே இழுப்புல போயிடும். அவரவர் துணிய அவரவர் தேய்ச்சுக்கறோம், இவருக்கு ஆபீஸ் மூணு நாள்தான், ஞாயித்துக்கெழமை மூணு சட்டை. என் சேலைக்கு மட்டும் ரெண்டு ஆள் வேணும், அவர் முந்திய புடிப்பாரு, நான் இந்தப் பக்கம், இழுத்து மடிச்சு மடிச்சு நடுவுல வந்து சேருவோம், வாரத்துல நாங்க ரெண்டு பேரும் நிதானமா பேசறது அப்பதான்.

ஒன்டாரியோல 2014லேந்தும், 2016ல நாடாளுமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு கனடா முழுக்கவும் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். போன வருஷம் மகன் ஸ்கூல் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டணும்னான். அத்தை அவன பக்கத்துல நிக்க வச்சு சொல்லிக் குடுத்தாங்க, நாலா மடி, ஓரம் ஓரத்தோட சேரணும், சரிகை மேல பெட்டிய நேரா வைக்காத, மெல்லிசா ஒரு துணி போட்டுக்கோ, சூட்ட கொற. அவன் முக்கால் மணி நேரம் தேய்ச்சான். "தாத்தா வேட்டி மாதிரியே மொடமொடன்னு இருக்குடா தம்பி"ன்னாங்க, அவன் ஒன்னும் சொல்லல, அந்த வேட்டிய ரெண்டு கையிலயும் ஏந்திட்டு மாடிக்குப் போனான்.

போன செவ்வாய் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர 11.40 ஆச்சு. ஷூவ கழட்டறப்ப மெஷின்ல சிவப்பு லைட் மினுக்குது, உள்ள இவரோட சட்டை, மகளோட நீச்சல் துண்டு, எல்லாம் ஈரமா. கதவு மேல கை வச்சிட்டேன். மேல அவர் தூங்கறது கேக்குது. கைய எடுத்துட்டு லைட்ட அணைச்சிட்டுப் போய் படுத்துட்டேன். விடியகாலம் இன்னும் இருட்டா இருக்கறப்ப கீழ மெஷின் கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ட்ரையர் வலைய இழுக்கற சத்தம். போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன்.