காணிக் கடிதத்தில் ‘ஏலியனேற்’

காணிக் கடிதங்களில் ‘ஏலியனேற்’ (alienate) என்றொரு ஆங்கில வினைச்சொல் வரும். அகராதியைப் புரட்டினால் ‘அந்நியப்படுத்து’ என்று இருக்கும். பேரப்பிள்ளை அப்படி வாசித்துக் காட்ட, காணி பறிபோகப் போகிறது என்று கிளிநொச்சிப் பக்கத்து ஆச்சி ஒருவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. கடிதத்தில் இருந்ததோ காணி அவர் பெயருக்கு வழங்கப்பட்ட விபரம்தான்!

மனிதரைப் பற்றிப் பேசும்போது அகராதிப் பொருள் சரி. சட்டத்தில், சொத்துரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது. ‘பிறருக்குரிய’ என்ற லத்தீன் சொல்தான் வேர். இலங்கையின் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், அரசு தன் காணியை மக்களுக்கு வழங்குவதையே இது குறிக்கிறது. வன்னியில் எத்தனையோ குடும்பங்களின் பேமிற் (காணி அனுமதிப்பத்திரம்) இந்தச் சட்டத்தில் வந்ததுதான்.

அரச தமிழில் ‘பராதீனப்படுத்தல்’ என்று போடுவார்கள். அது ஆங்கிலத்தை விடக் கஷ்டம். ‘வழங்குதல்’ என்று எழுதினால் ஆச்சிக்கும் விளங்குமே? தயவுசெய்து அப்படி எழுதுங்கள்.

அப்புறம், பேமிற் வைத்திருப்பவர்கள், தங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் பதியாமல் விட்டால் பிள்ளைகளுக்குள் பிணக்கு வரலாம்.