டார்கெட்டட் தெரபியில் வந்த தோல் தடிப்பு: நான் சமாளித்த விதம்

எனக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய். வீட்டில் யாருக்கும் புகைப் பழக்கம் கிடையாது. பயாப்ஸி திசுவைச் சோதித்ததில், செல்லை வளரச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில், எக்ஸான் 19 என்ற இடத்தில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அதனால் கீமோவுக்குப் பதிலாக, அந்த மாற்றத்தையே குறிவைத்துத் தாக்கும் டார்கெட்டட் தெரபி, தினமும் ஒரு மாத்திரை: அஃபாட்டினிப் 40 மில்லிகிராம். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டாம், வீட்டிலேயே சாப்பிடலாம் என்றதும் எல்லோருக்கும் பாதி பாரம் இறங்கியது. பேதி வரலாம், பரு மாதிரி வரலாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இரண்டாவது வாரத்தில் மூக்கின் இரு பக்கமும் சிவந்தது. அப்புறம் கன்னம், தாடை, நெஞ்சு, மேல்முதுகு என்று பரவி, தலைக்குள்ளும் ஏறியது. சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். அரிப்பைத் தாங்கிவிடலாம், வலிதான் தாங்க முடியவில்லை. தலையணையில் தலை வைத்தால் எரியும். சீப்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சிரித்தால்கூட கன்னத்துத் தோல் இழுத்து விண்ணென்று வலிக்கும். கொத்தமல்லி கிள்ளும்போது விரல் நுனி காந்தும்.

பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்ப்பதற்கு அம்மை மாதிரியேதான் இருந்தது. என் நாத்தனார் வேப்பிலையும் மஞ்சளுமாக வந்துவிட்டாள். "அண்ணி, இது அம்மைதான். தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, அந்த மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க" என்றாள். அவ்வளவும் அன்புதான். ஆனால் அந்த மாத்திரைதான் என் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டியைக் கட்டிப்போட்டிருந்தது. அதை நாமாக நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று என் கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். முகத்தைப் போட்டோ எடுத்து அன்றே ஆன்காலஜி நர்ஸுக்கு அனுப்பினார்.

மறுநாள் டாக்டர் விளக்கியது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த மரபணு உருவாக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதம் புற்றுநோய் செல்லில் மட்டும் இருப்பதில்லை. நம் தோலின் அடி அடுக்கிலும், முடி வேர்களிலும், எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கிறது. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அது வேண்டும். மாத்திரை கட்டியில் அதை அடைக்கும்போது தோலிலும் சேர்த்தே அடைக்கிறது. இது ஒட்டுவாரொட்டி இல்லை, பேரக்குழந்தையைத் தூக்கலாம். அழுக்கினால் வந்ததும் இல்லை. பார்க்கப் பரு மாதிரி இருந்தாலும் பருவும் இல்லை. அதனால் பருவுக்கு மருந்துக்கடையில் விற்கும் பென்சாயில் பெராக்ஸைடு, ரெட்டினாய்டு க்ரீம்களைத் தொடவே கூடாது, காய்ந்த தோலை அவை இன்னும் காயவைத்துவிடும் என்றார். மஞ்சள், எலுமிச்சை, சீயக்காய் மூன்றுக்கும் தடை.

எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்க ஓர் எளிய வழியும் சொல்லிக்கொடுத்தார். விரல்களோடு சேர்த்து நம் உள்ளங்கை, உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பரப்போடு வலியையும், அன்றாட வேலை செய்ய முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்களாம். போனில் பேசும்போது "ரொம்ப இருக்கு" என்பதைவிட "பத்துப் பன்னிரண்டு உள்ளங்கை இருக்கும்" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரிகிறது.

எழுதிக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீத க்ரீம், கொப்புளங்களுக்கு கிளிண்டாமைசின் ஜெல், தலைக்கு கிளிண்டாமைசின் லோஷன். டாக்ஸிசைக்ளினை இங்கே கிருமியைக் கொல்வதற்காக மட்டுமல்ல, தோலின் அழற்சியை அடக்கவும் கொடுக்கிறார்கள்.

உண்மையில் எங்களைப் பழக்கியது நேரக் கணக்குதான். அஃபாட்டினிப்பை வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. டாக்ஸிசைக்ளினோ சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. போட்டதும் படுக்கக் கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பாலோடும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்க்கக் கூடாது. எனவே விடியற்காலையில் எழுந்ததும் அஃபாட்டினிப், இட்லிக்குப் பிறகு டாக்ஸிசைக்ளின், காபி அதற்கும் வெகுநேரம் கழித்து. காபி தள்ளிப்போனது எனக்குப் பெரிய துக்கம்தான்.

வெந்நீர்க் குளியலை விட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க வாசனையில்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர். வெளியே போனால் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன், குடை, முழுக்கை ரவிக்கை. டாக்ஸிசைக்ளினும் வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் என்பதால் இதில் எனக்குச் சலுகையே கிடையாது. ஸ்டிக்கர் பொட்டின் பசையும் எரிந்தது, எடுத்துவிட்டேன். தலையணைக்குப் பழைய மல் வேட்டியை மடித்து உறையாகப் போட்டார் கணவர். அதில்தான் முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன்.

அப்படியும் நடுவில் ஒருமுறை எல்லை மீறியது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி, சீழ் கோர்த்து, காய்ச்சலும் வந்தது. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி சேர்ந்திருந்தது. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி, அஃபாட்டினிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி, தோல் தேறியதும் 30 மில்லிகிராமில் மறுபடி ஆரம்பித்தார்கள். அளவு குறைந்தால் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயம் என்னைத் தின்றது. அஃபாட்டினிப்பைச் சோதித்த லக்ஸ்-லங் 3, லக்ஸ்-லங் 6 ஆய்வுகளில் முதல் ஆறு மாதத்துக்குள் அளவு குறைக்கப்பட்டவர்களுக்கும் நோய் கட்டுக்குள் இருந்த காலம் மற்றவர்களைப் போலவே இருந்தது என்று டாக்டர் சொன்னார். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அதை நான் முழுதாக நம்பினேன்.

முகம் ஆறிவரும்போது நகங்கள் ஆரம்பித்தன. கால் கட்டைவிரலில் நகச்சுற்று, ஓரத்தில் சதை வளர்ந்து, செருப்புப் பட்டாலே உயிர் போகும். மெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று. எனக்கு அது சின்ன விஷயம் இல்லை, அன்று அழுதேன். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தினமும் கால் மணி நேரம் விரலை ஊறவைக்கச் சொன்னார்கள். நகத்தை நேராக வெட்டுவது, நகம் ஓரத்துச் சதையில் குத்தாதபடி டேப் ஒட்டிச் சதையை விலக்கி இழுத்துவைப்பது, விரல் திறந்த செருப்பு எல்லாம் சேர்ந்துதான் பலன் தந்தது. குதிகால் வெடிப்புக்கு யூரியா க்ரீம். பாத்திரம் தேய்க்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார்.

இப்போதும் தோல் காய்ந்துதான் இருக்கிறது. முடி சுருள ஆரம்பித்திருக்கிறது, கண் இமை முடி நீளமாக வளர்கிறது. இதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை.

புதிதாக இந்த மாத்திரையை ஆரம்பிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் தொடங்குங்கள், முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் தரலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பலருக்கு முதல் ஆறு வாரத்துக்கு அப்படித் தருகிறார்கள். தடிப்பு அதிகம் வரவில்லையென்றால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, அதையும் ஸ்கேன்தான் சொல்லும். காய்ச்சல், சீழ், தோல் உரிவது, வாயில் புண், கண் சிவந்து வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றே போன் செய்துவிடுங்கள்.