எந்த ஆண்டின் முகம்?

பழைய எண்ணெய் வண்ண உருவப்படம் ஒன்றைக் கையால் நகலெடுக்க உட்காருமுன் ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். இன்று சுவரில் தொங்கும் படத்தை வரையப் போகிறோமா, ஓவியர் வரைந்து முடித்த அன்றைய படத்தையா? இரண்டும் ஒன்றல்ல. இதைத் தீர்மானிக்காமல் தொடங்கும் நகல்களில் முகம் ஒரு காலத்திலும் பின்னணி இன்னொரு காலத்திலும் போய் நிற்கும்.

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1665 வாக்கில் வரைந்தது, அளவு 44.5 × 39 செ.மீ. பின்னணி வெறும் கறுப்பு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் கறுப்பு அடிப்பூச்சின் மேல் அவுரி நீலமும் வெல்ட் செடியின் மஞ்சளும் கலந்து பூசிய, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பச்சை அது. அங்கே ஒரு பச்சைத் திரைச்சீலையே இருந்தது என்பது 2018இல் தொடங்கிய ஆய்வில் தெரியவந்தது. சாயங்கள் நாளடைவில் மங்கின. கறுப்பு மட்டும் மிஞ்சியது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த முகங்கள் சில வெளிறிக் கிடப்பதற்கும் இதுதான் காரணம்: கன்னத்துக்குப் பூசிய கார்மைன் சிவப்பு வெளிச்சம் பட்டு மங்கிவிட்டது. அந்த வெளிறலை அப்படியே நகலெடுப்பதும் நியாயம்தான், தெரிந்து செய்தால்.

அன்றைய படம்தான் வேண்டும் என்றால் அதே சாயங்களைத் தேடி அலைய வேண்டாம். அவை மறுபடியும் மங்கத்தான் போகின்றன. காய்ந்த கறுப்பின் மேல், ஊடுருவித் தெரியும் மஞ்சள் இரும்பு ஆக்சைடுடன் தாலோ பச்சை கலந்து மெல்லப் பூசினால் போதும். தாலோ பொல்லாத நிறமி. குண்டூசித் தலை அளவுக்கு மேல் போனால் பின்னணி முழுவதும் கத்தும்.

அளவைப் பற்றி ஒன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து நகலெடுப்பவர்கள் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோதான் வரைய வேண்டும். வீட்டில் வரைபவர்களுக்கும் இது நல்ல விதி. நகலை யாரும் மூலமென்று விற்க முடியாது. வெர்மீர் படத்தை அப்படிக் குறைத்தால் 35.6 × 31.2 செ.மீ. மூலத்தின் படத்திலும் கித்தானிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகக் கரியால் வரைந்துகொள்ளுங்கள். கித்தானின் அகலத்தை எட்டாகப் பிரித்தால் கட்டம் 3.9 செ.மீ.; உயரத்தில் ஒன்பது கட்டம் போக 5 மி.மீ. மிஞ்சும். மேலிருந்து எண்ணத் தொடங்கி, மிச்சத்தைக் கீழே, சட்டைப் பக்கம் விட்டுவிடுங்கள். கண், மூக்கு, வாய் விழும் கட்டங்களை மட்டும் மறுபடி நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். கரிக்கோட்டைத் தட்டி உதிர்த்துவிட்டு, மெலிதாகக் கரைத்த அம்பரால் (பழுப்பு மண் நிறமி) அதன்மேல் வரைய வேண்டும். கரித்தூள் தங்கினால் தோல் நிறம் அழுக்காகும்.

முகம் பிடிபடவில்லை என்று புலம்புபவர்கள் கோட்டைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். பிழை பெரும்பாலும் கோட்டில் இருக்காது, ஒளி-இருள் அளவில் இருக்கும். மூலத்தின் படத்தையும் உங்கள் கித்தானின் படத்தையும் கறுப்பு-வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளை நெற்றியைவிட இருண்டிருப்பது அப்போதுதான் உறைக்கும். வெர்மீரின் பெண்ணுக்கு மூக்கின் ஒரு பக்கம் விளிம்பே இல்லை, கன்னத்தோடு கரைந்துவிடுகிறது. அங்கே ஒரு கோடு போட்டால் அந்தப் பெண் காணாமல் போய்விடுவாள். வெர்மீரும் பழுப்பிலும் கறுப்பிலும் அடிப்படம் அமைத்த பிறகே நிறத்துக்குப் போனார். பின்னணி, முகம், சட்டை, தலைத்துணி, கடைசியில் முத்து. இந்த வரிசையிலேயே போவது நல்லது. பின்னால் இருப்பது முதலில் முடிந்தால், முன்னால் வருவதன் விளிம்பு தானாக அமையும்.

தோலுக்கு வெள்ளை, மஞ்சள் காவி, சாதிலிங்கச் சிவப்பு, ஐவரி கறுப்பு ஆகிய நான்கும் போதும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தாலே நீலச்சாயல் கொண்ட சாம்பல் கிடைக்கும். தாடையின் நிழலுக்குத் தனி நீலம் தேவைப்படாது. சிக்கல் வெள்ளையில்தான். பழைய ஓவியர்கள் பயன்படுத்தியது ஈய வெள்ளை, லேசாக ஊடுருவித் தெரியும். இன்றைய டைட்டானியம் வெள்ளை அடியில் இருப்பதை அப்படியே மூடிவிடும். அதே அளவு டைட்டானியம் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, போதாவிட்டால் கூட்டுங்கள். ஈய வெள்ளையே வேண்டும் என்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தூள் நஞ்சு.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சுகளில் போகப் போக அதிகம் என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள். காயும் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். அம்பர் ஓரிரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும், ஐவரி கறுப்புக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அரைகுறையாகக் காய்ந்த கறுப்பின் மேல் வேகமாகக் காயும் பூச்சு ஏறினால் வெடிப்பு நிச்சயம். அம்பர் பூசிய இடங்கள் எண்ணெயை உறிஞ்சி மங்கலாக, வெளிறித் தெரியும். நிழல் போதவில்லை என்று நினைத்து அங்கே மேலும் கறுப்பை ஏற்றுவதுதான் நகல்களில் அதிகம் நடக்கும் தப்பு. ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய ஆழம் திரும்பிவிடும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

வெடிப்புக் கோடுகளை மெல்லிய தூரிகையால் வரைவது எனக்கு ஒப்புதல் இல்லை. அது ஓவியர் வரைந்ததல்ல, காலம் கிழித்தது. வார்னிஷின் மஞ்சளும் அப்படியே. அதைத் தோல் நிறத்தில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் கடைசி வார்னிஷில் சேர்க்கலாம், வேண்டாதபோது கழுவியெடுக்கலாம். அந்த வார்னிஷுக்கு மெல்லிய பூச்சானாலும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் கித்தானின் பின்பக்கம் மூல ஓவியரின் பெயர், ‘நகல்’ என்ற சொல், உங்கள் பெயர், ஆண்டு நான்கையும் எழுதிவிடுங்கள். முன்பக்கம் மூலக் கையெழுத்து வேண்டாம்.