வட்டுவாகல் வாய் திறக்கும் நாள்

பரந்தனிலிருந்து ஏ-35 வீதியால் வந்தால் முல்லைத்தீவு நகருக்குச் சற்று முன்னே வட்டுவாகல் பாலம். மாரி தொடங்கும் நாட்களில் போகிறவர்கள் கடற்பக்கம் பாருங்கள். நந்திக்கடல் என்னும் களப்புக்கும் (கரையோர உவர்நீர் ஏரி) கடலுக்கும் நடுவே மணல் திட்டி கிடக்கும். நந்திக்கடல் என்றதும் போர் முடிந்த 2009 மே தான் நம் நெஞ்சில் வரும். அதே நீரில்தான் இன்றும் இறால் வலை வீசப்படுகிறது. அந்தத் தொழிலின் ஒரு வருடச் சோறு, திட்டியை வெட்டிக் களப்பின் வாயை எந்த நாளில் திறக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

வெட்டுமுன் பேராற்று வெள்ளம் இறங்கிக் களப்பு நிரம்பவேண்டும். இந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே தள்ளும் வேகத்தை வெள்ளம்தான் தரவேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்து ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், மிச்சத்தை நீரோட்டமே அரித்து அகலமாக்கும். வெள்ளம் போதாமல் வெட்டினாலோ, வாடைக்காற்று உரத்த நாளில் வெட்டினாலோ, அலை மணலைக் கொண்டுவந்து மறுபடி அடைத்துவிடும். பிந்தினால் கரையோர வயல் மூழ்கும். முந்தினால் கோடைக்குத் தண்ணீர் மிஞ்சாது. கடலில் பொரித்த இறால் குஞ்சு உள்ளே வந்து வளர்வதும் இந்த வாயால்தான்.

பல வாரங்களில் பெய்யவேண்டிய மழை சில நாட்களில் கொட்டும்போது இந்தக் கணக்குப் பிழைக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது போன்ற வேளைகளில் நாள் பார்க்க அவகாசமே இல்லை. கமக்காரரும் கடற்றொழிலாளரும் சேர்ந்து பார்க்கக்கூடிய அளவுக்கோடு ஒன்றைப் பாலத்தருகே கம்பத்தில் வரைந்து, எந்தக் கோட்டில் வெட்டுவது என்று மாரிக்கு முன்பே பேசி வைப்பதுதான் சரி. வெள்ளம் வந்தபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிய வெயில் இறுகும். ஆழமில்லாத நீர் சூடேறி, உப்பு கடலையும் மிஞ்சி, மூச்சுக்காற்றுக் குறைந்து மீன் செத்து மிதக்கும். அப்போது கண் சிறிய வலையை எடுக்கவே கூடாது. எஞ்சிய குஞ்சுகள்தான் அடுத்த பருவத்து விதை.

கண்டல் என்னும் சதுப்பு மரம் நட வருவோரும் வாயைப் பார்த்தே நடவேண்டும். வெண்கண்டல் மூச்சுவேரால் காற்றெடுக்கும் மரம். வாய் அடைபட்டுக் கிழமைக்கணக்கில் நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் வேர் மூழ்கி அழுகும். மாரி நீர் ஏறி வடியும் மேட்டு விளிம்பில் நடுங்கள்.